பரிவட்டமும் சாவியும்

தாம்பரம் மாநகராட்சிக்கு எழுபது வார்டுகள், எழுபது கவுன்சிலர்கள். 2022 மார்ச்சில் அந்த எழுபது பேரும் கூடித் தங்களில் ஒருவரை மேயராகவும் இன்னொருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர் வழக்கப்படி மேயர் என்றால் அங்கி உண்டு, சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு. அதே காரியாலயத்தில், யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவரும் இருக்கிறார். அவருக்கு அங்கியும் இல்லை, செங்கோலும் இல்லை. அவர் கமிஷனர். அவரைக் கோட்டையிலிருந்து அனுப்புகிறார்கள். ஒருநாள் மாலை கோட்டையிலிருந்தே உத்தரவு போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் கேட்க வந்த கேள்வி ஒன்றுதான்: இவர்களில் யாருக்கு யார் எஜமானர்?

கேள்வி விளங்காதவர்கள் நம் பக்கத்துக் கோயில் எதற்காவது ஒரு நடை போய்வரலாம். அங்கே தர்மகர்த்தா என்று ஒருவர் இருப்பார். உற்சவ தினத்தில் பரிவட்டம் அவருக்குத்தான். முதல் மாலை, முதல் தீர்த்தம் எல்லாம் அவருக்குத்தான். நிர்வாக அதிகாரி என்று இன்னொருவர், பேண்ட்டும் சட்டையுமாகத் தூணோரம் நிற்பார். அவருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் கணக்குப் புத்தகமும் சாவிக் கொத்தும் அவரிடம் இருக்கும். மடைப்பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்று தர்மகர்த்தா சொன்னால், "மேலே எழுதியிருக்கிறேன்" என்பார் அவர். மேலே என்றால் ஸ்வாமி இல்லை, இலாகா.

நம்முடைய ஸ்தல சுயாட்சி என்பதும் இதுதான். ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களுக்குப் பரிவட்டம். சர்க்கார் அனுப்புகிறவருக்குச் சாவி.

'கதை எழுதுகிறவனுக்கு முனிசிபாலிடியைப் பற்றி என்னய்யா கவலை?' என்று சிலர் கேட்கக்கூடும். கதையில் வருகிற ஜனங்கள் எல்லோரும் ஏதோ ஒரு தெருவில்தான் குடியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் சாக்கடை தேங்குகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை. இதற்குமேல் எனக்கு என்ன யோக்கியதை வேண்டும்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் ஓர் உத்தியோகஸ்தர் கையில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. எழுபது பேரும் சேர்ந்து ஒரு குப்பை லாரியை ஓட்ட முடியாது. 1871ல் பம்பாயில் இதே தர்க்கம் நடந்தது. ஆர்தர் கிராஃபர்டு என்ற முனிசிபல் கமிஷனர் செலவைத் தண்ணீராக இறைத்துவிட்டார் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கமிஷனர் பதவியே வேண்டாம் என்றார்கள். அப்போது ஓர் இளம் பாரிஸ்டர் எழுந்து, காரியம் செய்கிறவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும், அவனைக் கண்காணிக்கிற சபைதான் ஜனங்களுடையதாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். அவர்தான் பிற்காலத்தில் பிரோஸ்ஷா மேத்தா என்று பெயர் பெற்றவர். 1888ல் வந்த பம்பாய்ச் சட்டம் அந்த அச்சில் வார்க்கப்பட்டது. நம் சென்னையின் 1919ஆம் வருஷத்துச் சட்டத்திலும் கமிஷனர்தான் நிர்வாகத்துக்கு முதல்வர். ஒருவர் கையில் வேலை, பலர் கையில் கண்காணிப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஒருவரை நியமிக்கிறவன் யார் என்பதில் வெள்ளைக்காரன் விட்டுக்கொடுக்கவில்லை. அது அவனுக்கு லாபம், விட்டுக்கொடுக்கவில்லை. அவன் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகியும் நாம் ஏன் அந்த ஓட்டையைத் தங்கத் தகடு வைத்துப் பூஜை செய்துகொண்டிருக்கிறோம்?

அமெரிக்காவில் இதே ஏற்பாட்டை வேறுவிதமாகச் செய்தார்கள். 1908ல் வர்ஜீனியாவில் ஸ்டாண்டன் என்ற ஒரு சின்ன ஊர், சம்பளம் கொடுத்து ஒரு நிர்வாகியை அமர்த்திக்கொண்டது. 1913 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்ததும் அந்த ஜனங்கள், இந்த ஊரை யார் நிர்வாகம் செய்வது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வருஷமே ஓட்டெடுத்து, ஐந்து பேர் கொண்ட ஒரு சபை, அந்தச் சபை அமர்த்துகிற ஒரு நிர்வாகி என்று சாசனம் எழுதினார்கள். பனாமாக் கால்வாயை வெட்டிய எஞ்சினீயரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் வரவில்லை. சின்சினாட்டியிலிருந்து ஹென்றி வெய்ட் என்ற எஞ்சினீயரை அழைத்துவந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அமர்த்தியது சபை, பிடிக்காவிட்டால் சீட்டுக் கிழிப்பதும் சபை. கவர்னருக்கு அதில் வேலையே இல்லை.

டேட்டனை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வார்டுகளை ஒழித்து ஊர் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினார்கள்; அதனால் தொழிலாளர் பேட்டைகளில் கணிசமாக ஓட்டு வாங்கிய சோஷலிஸ்டுகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தந்திரம் நமக்கு வேண்டாம். நம் வார்டு நமக்கு இருக்கட்டும். நமக்கு வேண்டியது அந்தச் சீட்டு மட்டும்.

'இதெல்லாம் நம் நாட்டுக்குச் சரிப்படாது' என்று இங்கே ஒரு பல்லவி எழும். எனக்குத் தெரியும். சரிப்பட்டிருக்கிறது, ஐயா! அதுவும் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில். சுரேந்திரநாத் பானர்ஜி மந்திரியாக இருந்து கொண்டுவந்த 1923ஆம் வருஷத்துக் கல்கத்தாச் சட்டம், தலைமை நிர்வாக அதிகாரியைக் கார்ப்பரேஷனே நியமித்துக்கொள்ளலாம், சர்க்கார் சம்மதம் மட்டும் வேண்டும் என்றது. 1924ல் சுயராஜ்யக் கட்சி ஜெயித்தது. சித்தரஞ்சன் தாஸ் மேயரானார். அந்தக் கார்ப்பரேஷன் தேர்ந்தெடுத்த அதிகாரிக்கு வயது 27, ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறியவர், பெயர் சுபாஷ் சந்திர போஸ். மூவாயிரம் ரூபாய் சம்பளத்தில் பாதி போதும் என்றார் அவர். அந்த அக்டோபரிலேயே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் ஒரு மேயரும் அவருடைய சபையும் தங்களுக்கு வேண்டிய நிர்வாகியைத் தாங்களே பொறுக்கிக்கொண்டார்கள் என்பதை எந்தச் சிறையும் அழிக்கவில்லை. அதை அழித்தது சுதந்திரம்தான்! 1951ல் வந்த புதுச் சட்டம் கமிஷனரை மறுபடியும் மாநில சர்க்கார் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

நம் மாகாணத்தில் ஒரு காலத்தில் சேர்மன்களுக்கே நிர்வாக அதிகாரமும் இருந்தது. 1910களின் கடைசியில் சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் ஈ.வெ.ராமசாமி நாயக்கரும் அப்படித்தான் சேர்மன்களாக இருந்தார்கள். சேலம் அக்கிரகாரத்தில் குழாய் திறந்துவிடுகிற வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளி ஒருவரை ராஜாஜி போட்டதும், அக்கிரகாரம் குதித்ததும், அவர் மசியாததும் பலரும் அறிந்த செய்தி. இன்றைக்கு ஒரு சேர்மனுக்கோ மேயருக்கோ அப்படி ஓர் எண்ணம் உதித்தால் என்ன செய்வார்? கமிஷனருக்கு எழுதுவார். கமிஷனர் மேலே எழுதுவார். சேர்மன்கள் எல்லோரும் ராஜாஜிகளாக இல்லை என்பதும் உண்மை; துஷ்பிரயோகம் நடந்தது; 1930களில் முனிசிபாலிடிகளுக்குச் சர்க்கார் கமிஷனர்களைப் போட ஆரம்பித்தது. எலி இருக்கிறது என்று வீட்டைச் சுட்டுக் கொளுத்துகிற பழக்கம் நமக்கு அன்று பிடித்ததுதான்.

இனி நம் ஊர் வெள்ளத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு மேற்குத் தாம்பரம் பக்கமும் முடிச்சூர் பக்கமும் வீடுகளுக்குள் வந்தது. மாடியில் நின்றுகொண்டு ஜனங்கள் படகுக்காகக் கையசைத்தார்கள். டேட்டன்காரர்கள் வெள்ளம் வடிந்ததும் தங்களுக்கு ஒரு நிர்வாகியைத் தேடினார்கள் என்று சொன்னேன் அல்லவா? நாம் என்ன செய்தோம்? நமக்கு இருந்த மன்றத்தையும் இழந்தோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை ஹைகோர்ட் ரத்து செய்தது. அதற்குப் பிறகு வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, வாய்தா என்று காலம் ஓடி, நகரங்களில் ஓட்டுப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஐந்து வருஷமும் சில மாதங்களும்! ஒரு மன்றத்தின் முழு ஆயுள்! கலைத்த மன்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று 1993ல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஐந்து வருஷமும் கமிஷனரே 'தனி அலுவலர்'. இந்த வார்த்தையின் அழகை வாசகர்கள் ரசிக்க வேண்டும். மன்றம் செய்ய வேண்டிய வேலையையும் அவரே செய்வார். அதாவது, காலையில் கமிஷனர் என்ற முறையில் ஒரு காரியத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று மன்றத்துக்குக் குறிப்பு எழுதுவார். மத்தியானம், மன்றம் என்ற முறையில் அந்தக் குறிப்பை அவரே படித்து, அவரே விவாதித்து, அவரே தீர்மானம் நிறைவேற்றுவார். எதிர்க்கட்சியும் அவர்தான், அவர் அவரை எதிர்த்து வெளிநடப்புச் செய்ததாகத் தகவல் இல்லை.

அந்த இடைவெளியில்தான், 2021 நவம்பரில், தாம்பரம் மாநகராட்சியே பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்து ஊர்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது, வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல அந்தப் பத்து ஊரில் ஒன்றிலாவது ஜனங்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. பெண்ணைக் கேட்காமல், பெண்ணின் பெற்றோரையும் கேட்காமல் நடந்த கல்யாணம் இது. 2011 கணக்குப்படியே ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். சராசரியாகப் பதினாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர். சிட்லபாக்கத்தில் வழியில் பார்த்து மடக்கிப் பிடித்துப் பேசக்கூடியவராக இருந்த உறுப்பினர் போய்விட்டார். வந்திருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரும் சாவி இல்லாதவர்.

எனக்குத் தெரிந்த ஒரு கவுன்சிலர் அம்மாள் இருக்கிறார். பெயரும் வார்டும் வேண்டாம். ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "ஜனங்க என்னைத் திட்டுறாங்க ஸார். நான் யாரைத் திட்டுறது? நான் சொன்னா ஏ.ஈ. கேக்கணும்னு சட்டமே இல்லை. கெஞ்சித்தான் வாங்குறேன். ஒரு பல்பு மாத்துறதுக்குக் கெஞ்சுறேன்."

2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் பதினாயிரம் ரூபாய் மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். கெஞ்சுகிற வேலைக்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பில்லாத இடத்தில் அதிகாரமும் அதிகாரமில்லாத இடத்தில் பொறுப்பும் இருந்தால் ஊழல் வராமல் என்ன செய்யும்? மன்றத்தில் வெளிப்படையாக ஒன்றும் சாதிக்க முடியாத கவுன்சிலர், கொல்லைப்புற வழியைத் தேடுகிறார். காண்ட்ராக்டரின் தோளில் கை போடுகிறார். வீடு கட்டுகிற இடத்தில் மணல் லாரி வந்து நின்றதும் இவரும் வந்து நிற்கிறார். உடனே உத்தியோகவர்க்கம் விரலை நீட்டுகிறது: பார்த்தீர்களா, இவர்களிடமா சாவியைக் கொடுப்பது? இந்த வாதத்தை நான் ஐம்பது தடவையாவது கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், குடியிருப்போர் சங்கக் காரியதரிசிகள் எல்லோரும் சொல்கிறார்கள். 1973ல் மஸ்டர் ரோல் ஊழல் என்று சென்னைக் கார்ப்பரேஷனைக் கலைத்தார்கள். ஊழல் நடந்தது வாஸ்தவம். ஆனால் மறு தேர்தல் எப்போது வந்தது? 1996ல்! சில பேர் திருடியதற்கு ஒரு நகரமே இருபத்துமூன்று வருஷம் தண்டனை அனுபவித்தது. ஓர் இலாகாவில் லஞ்சம் பிடிபட்டால் கோட்டையை இருபத்துமூன்று வருஷம் இழுத்துப் பூட்டுகிறோமா?

இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. நவி மும்பையில் துக்காராம் முண்டே என்ற கமிஷனர். கண்டிப்பானவர், கைசுத்தம் என்று பெயர் எடுத்தவர். 2016 அக்டோபரில் அந்த ஊர்க் கார்ப்பரேட்டர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கட்சி பேதமில்லாமல் ஒன்றுகூடி அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் ஆறே பேர். ஜனங்களோ கமிஷனர் பக்கம் நின்றார்கள். மாநில சர்க்கார் தீர்மானத்தை நிறுத்திவைத்தது. 'பார்த்தீரா, மேலே ஒருவர் இல்லாவிட்டால் நல்ல அதிகாரி பிழைப்பாரா?' என்று கேட்கிறார்கள். மீதிக் கதையையும் கேளுங்கள். 2017 மார்ச்சில் அதே சர்க்கார் அவரை அங்கிருந்து எடுத்துவிட்டது. அந்த மனிதரைத் தம் உத்தியோக காலத்தில் இருபது தடவைக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட எந்த ஊர்க் கவுன்சிலரும் மாற்றவில்லை, மாற்றியது மேலே இருந்தவர்கள்! கவுன்சிலர்கள் அவரை விரட்ட நினைத்தபோது, சபையில் எழுந்து நின்று, பத்திரிகைக்காரர்கள் எதிரே கை தூக்க வேண்டியிருந்தது. யார் கை தூக்கினார் என்று ஊருக்குத் தெரிந்தது. அடுத்த தேர்தலில் கேட்கலாம். கோட்டையில் கை தூக்குகிறவன் யார் என்று யாருக்குத் தெரியும்?

என் கோபத்தின் உண்மையான காரணத்தை இப்போது சொல்லுகிறேன்.

மேடைக்கு மேடை உத்திரமேரூரைப் பற்றிப் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, முப்பது குடும்பு. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் நிற்கக்கூடாது என்ற விதி. எல்லாம் பெருமைதான். தாம்பரத்திலிருந்து அந்த ஊர் ஒரு பஸ் தூரம். ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் விழும்? முப்பத்தைந்து வயதாகியிருக்க வேண்டும், நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். தாம்பரத்தின் முதல் மேயராக வந்த வசந்தகுமாரி கமலக்கண்ணன், அப்போது 25 வயதுப் பெண். மேயர் பதவி பட்டியல் வகுப்புப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆயிரம் வருஷம் குடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு இப்போதுதான் உள்ளே வர வழி திறந்தது. திறந்த கதவு வழியாக அவர்கள் உள்ளே வந்து பார்த்தால், பெட்டி பூட்டியிருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு வேறொருவர் மாடிக்குப் போயிருக்கிறார். நிலச்சுவான்தாரும் வக்கீலும் சேர்மனாக இருந்த காலத்தில் அந்த நாற்காலிக்கு அதிகாரம் இருந்தது. ஒரு தொழிலாளியின் மகள் வந்து உட்காருகிற காலத்தில் அதிகாரம் நாற்காலியைவிட்டு எழுந்து போய்விட்டது. இது தற்செயல் என்று யாராவது எனக்குச் சொன்னால், நான் கேட்டுக்கொள்வேன்; நம்ப மாட்டேன்.

2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் பகுதி சபை கூடியது. முதலமைச்சர் ஸ்டாலின் அவர்களே வந்து ஜனங்களோடு உட்கார்ந்தார், குறை கேட்டார். நல்ல காரியம், 1996ல் சென்னைக்கு மேயராகி, இந்த நாற்காலியின் சுகதுக்கம் அறிந்தவர் அவர். ஆனால் முதலமைச்சர் உட்கார்ந்த சபைக்கு அதிகாரிகள் ஓடிவருவதில் ஆச்சரியம் இல்லை. வெறும் கவுன்சிலர் மட்டும் உட்காருகிற அடுத்த சபைக்கு யார் வருவார்கள் என்பதுதான் பரீட்சை.

சாவிகூட ஒன்றல்ல என்பது இன்னொரு வேடிக்கை. ஏரிகளில் பல நீர்வளத் துறையுடையவை. ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுடையது. வேளச்சேரி ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்று நகரத்துக்கு வரைபடம் போடுவது சி.எம்.டி.ஏ. மழைத் தண்ணீர் செம்பாக்கத்து ஏரியிலிருந்து கிளம்பி ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூன்று இலாகாக்களைக் கடக்கிறது. முடிச்சூரை 2021ல் மாநகராட்சிக்குள் சேர்க்கவே இல்லை. அடையாறு அந்த எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. இந்தக் கோலத்தில், கமிஷனரேகூட முழு நிர்வாகி இல்லை. அவரும் பாதி நாள் கடிதம் எழுதுகிறவர்தான். அவருக்காகவும் நான் கொஞ்சம் பரிதாபப்படுகிறேன்.

என் யோசனை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கமிஷனர்களுக்கான படிப்பும் பரீட்சையும் தகுதியும் சர்க்காரே நிர்ணயிக்கட்டும். காலியிடம் வந்தால், தகுதியுள்ள மூன்று பேரைச் சர்க்கார் அனுப்பட்டும். மூவரில் ஒருவரை மன்றம் பகிரங்கக் கூட்டத்தில் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். மூன்று வருஷம் அவரை யாரும் அசைக்கக்கூடாது, கோட்டை உட்பட. அதற்கு முன்னால் நீக்குவதானால், காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலைச் சபையிலேயே கேட்டு, மூன்றில் இரண்டு பங்குப் பேர் பெயர் சொல்லி ஓட்டளிக்க வேண்டும். வருஷாந்தர ரகசியக் குறிப்பை மன்றமே எழுத வேண்டும். அது ரகசியமாகவும் இருக்கக்கூடாது. இதற்குப் பதிலாகக் கவுன்சிலர்கள் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: தனி ஆளாக ஒரு மேஸ்திரிக்குக்கூட உத்தரவு போடக்கூடாது, டெண்டரிலும் மாற்றலிலும் தலையிடக்கூடாது. அமெரிக்க ஊர்களின் சாசனங்களில் இந்தத் தடை உண்டு. சொல்வதைச் சபையில் சொல்லட்டும். நகர எல்லைக்குள் இருக்கிற ஏரி, கால்வாய், மதகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நிர்வாகியே பொறுப்பு. பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும் இதே விதி. ஊர் சின்னது என்பதற்காகச் சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும் என்பது இல்லை.

கோட்டை சம்மதிக்காது என்கிறார் என் நண்பர் ஒருவர். ரெவின்யூ இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "ஸார், கோட்டையிலே எந்தக் கட்சி உக்காந்தாலும் இதைக் குடுக்காது" என்கிறார். 1998ல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் என்று ஒன்று இயற்றி, 2000ல் அதை நிறுத்திவைத்து, 2023ல்தான் தூசி தட்டி அமலுக்குக் கொண்டுவந்ததை அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதைக்கூட 1996லிருந்து எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். அவர் சொல்வது சரி. ஆனால் 2022ல் பதவியேற்ற மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அந்தத் தேர்தல் எப்போது நடந்தாலும், எந்தக் கட்சி வந்து என் வாசலில் நின்றாலும், நோட்டீஸை வாங்கிக்கொண்டு நான் கேட்கப்போவது இதைத்தான்: உங்கள் வேட்பாளர் ஜெயித்தால் கமிஷனர் அவர் பேச்சைக் கேட்பாரா, அவர் கமிஷனர் பேச்சைக் கேட்பாரா? கேட்டுவிட்டு, என் நண்பருக்கும் ஒரு நாற்காலி போட்டு, பதிலை அவரையே எழுதிக்கொள்ளச் சொல்வதாக இருக்கிறேன். முப்பது வருஷம் குறிப்பு எழுதிய கை; ஒரு வார்த்தையும் விடாது.